கூட இருந்தவனே குழி பறித்தால்: 55ஆம் சங்கீதத்தை எப்படி வாசிப்பது?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் வெள்ளவத்தைக்காரர். சின்ன வயதிலிருந்து ஒரே சபையில், ஒரே பாடகர் குழுவில் கூட வளர்ந்த நண்பன் லீசிங்கில் வான் எடுத்தபோது பிணைக் கையெழுத்துப் போட்டீர்கள். கொஞ்ச நாள் தவணை கட்டினான், அப்புறம் நிறுத்திவிட்டான். இப்போது நிதி நிறுவனத்தின் கடிதங்கள் உங்கள் வீட்டுக்கு வருகின்றன. அவனிடம் கேட்டால் சண்டையும் இல்லை, பதிலும் இல்லை. "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்று பூப்படம் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்புகிறான். அந்த வசனத்தைத் தேடிப்போய், வேதாகமத்துப் பாடல்களில் ஒன்றான 55ஆம் சங்கீதத்தை முதல் தடவையாக முழுவதும் வாசித்திருக்கிறீர்கள். அங்கே உங்கள் கதையே இருக்கிறது. கூடவே, துரோகிகள் உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்ற சாபமும் இருக்கிறது. இது யாருடைய கதை, அந்தச் சாபத்தைக் கிறிஸ்தவன் ஜெபிக்கலாமா, மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அவனோடு பழையபடி பாடத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த வட்ஸ்அப். அவன் அனுப்பியது 22ஆம் வசனம். அதற்கு நேர் மேலே 21ஆம் வசனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: "அவன் வாயின் சொற்கள் வெண்ணெயைப்போல மெதுவானவைகள், அவன் இருதயமோ யுத்தம்; அவன் வார்த்தைகள் எண்ணெயிலும் மிருதுவானவைகள், ஆனாலும் அவைகள் உருவின பட்டயங்கள்." துரோகியின் வழுக்கலான பேச்சைச் சொல்லி முடித்த மறுவரியில்தான் "பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு" வருகிறது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதுவரை "நான்", "என்னை" என்று பேசிக்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று "உன் பாரத்தை" என்று யாரோ யாரிடமோ சொல்கிறார்கள். சொல்வது யார்? ஆலயத்தில் ஆசாரியன் சொன்ன ஆறுதல் என்பார்கள் சிலர். பாடுகிறவன் தன் நெஞ்சுக்குத் தானே சொல்கிறான் என்பார்கள் சிலர். இன்னொரு வாசிப்பும் உண்டு: 21ஆம் வசனம் சொன்ன அந்த எண்ணெய்ப் பேச்சுக்கு உதாரணமே இதுதான், துரோகி சொன்ன பக்தி வார்த்தையைப் பாடுகிறவன் அப்படியே எடுத்துக் காட்டுகிறான் என்று.

கடைசி வாசிப்பை நான் ஏற்பதில்லை. பேதுருவின் முதல் நிருபம் 5:7 இதே வரியின் சாயலில்தான் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறது. ஆதித்திருச்சபை இதைத் தேவனுடைய வாக்காகத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அப்படியொரு வாசிப்புக்கு இடம் இருக்கிறது என்பதே உங்களுக்குப் போதும். வசனம் மெய்யானது, அதை எடுத்து நீட்டிய வாய் பொய்யானது என்பது நடக்கக்கூடிய காரியம்தான். வசனத்தில் கோபப்படாதீர்கள், அதை அவனிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.

சரி, இது யாரைப்பற்றி? தலைப்பில் தாவீது ராஜாவின் பெயர் இருக்கிறது, சம்பவம் இல்லை. இது கவனிக்க வேண்டியது, ஏனென்றால் பக்கத்துச் சங்கீதங்களில் சம்பவம் இருக்கிறது. 54இல் சீப்பூரார் தாவீதை, அவனைத் துரத்திய சவுல் ராஜாவுக்குக் காட்டிக்கொடுத்தது, 56இல் பெலிஸ்தர் அவனைக் காத் ஊரில் பிடித்தது. நடுவில் இருக்கிற 55 மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் பழங்காலத்திலிருந்தே வாசிக்கிறவர்கள் இதை அகித்தோப்பேலின் கதையோடு சேர்த்துத்தான் வாசித்தார்கள்.

அந்தக் கதை சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 15 முதல் 17 வரை. மகன் அப்சலோம் கலகம் செய்கிறான். தாவீது முக்காடிட்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவமலை ஏறுகிறான். அந்த ஏற்றத்தில்தான், தன் ஆலோசகன் அகித்தோப்பேலும் கட்டுப்பாட்டுக்காரரோடு சேர்ந்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. இந்த மனிதன் சொன்ன ஆலோசனை தேவனிடத்தில் விசாரித்துப் பெற்ற வாக்குப் போல இருந்தது என்கிறது 16:23. அவன் அப்சலோமுக்குச் சொன்ன யோசனையும் அவ்வளவு கூர்மையானது: பன்னீராயிரம் பேரைத் தாருங்கள், இன்று இராத்திரியே போகிறேன், தாவீது களைத்திருக்கிறான், அவன் ஒருவனை மட்டும் வெட்டுகிறேன், ஜனங்கள் தானாகத் திரும்பி வருவார்கள். தாவீதின் களைப்பு, பயம், கூட இருப்பவர்கள் எப்போது சிதறுவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பகைவனுக்கு இது தெரியாது. "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று 12ஆம் வசனம் சொல்வதன் பொருள் இதுதான். கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்குத்தான் எந்த இடத்தில் மண் இளகியிருக்கிறது என்று தெரியும்.

இந்தக் கதையில் பிரசங்கத்தில் அதிகம் கேட்காத ஒரு சங்கதி உண்டு. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் (2 சாமுவேல் 23:34) அகித்தோப்பேலின் மகன் எலியாம் என்று ஒருவன் வருகிறான். உரியாவிடமிருந்து தாவீது அபகரித்த பத்சேபாளின் தகப்பன் பெயரும் எலியாம் (11:3). இரண்டும் ஒரே ஆளென்றால், அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. வேதம் அப்படி நேரே சொல்லவில்லை, பெயரை வைத்துக் கட்டிய ஊகம்தான். ஆனால் அதை மனதில் வைத்து மற்றதை வாசித்துப் பாருங்கள். தாவீது பத்சேபாளைக் கண்டது அரமனை உப்பரிகையிலிருந்து. அகித்தோப்பேலின் சொற்படி, தகப்பனுடைய மறுமனையாட்டிகளிடம் அப்சலோம் எல்லாரும் பார்க்கப் பிரவேசித்ததும் உப்பரிகையின்மேல் போட்ட கூடாரத்தில். பேத்தியின் புருஷன் உரியா அதே பராக்கிரமசாலிகளின் பட்டியலில் கடைசிப் பெயர். தன் சாவுக்காகத் தாவீது எழுதிய உத்தரவைத் தன் கையாலேயே கொண்டுபோனவன். துரோகத்தைப் பாடியதாகச் சொல்லப்படும் தாவீது, அதற்கு முன்பே தன்னை நம்பிய ஒருவனுக்குத் துரோகம் செய்தவன்.

இதைச் சொல்வது உங்கள் நண்பனுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று காட்டுவதற்காக அல்ல. கடன் வாங்கிவிட்டுப் பிணையாளியின் தலையில் போட்டவனுக்கு எந்தத் தாத்தா கதையும் கிடையாது. வேதம் இந்தக் கதையை நல்லவன், கெட்டவன் என்று கோடு கிழித்துச் சொல்லவில்லை என்பதைக் காட்டத்தான்.

இருந்தாலும் அகித்தோப்பேல்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ராஜா தன் ஆலோசகனை "எனக்குச் சமமான மனுஷன்" என்பானா? தாவீது எருசலேமை விட்டு ஓடியே போனான். இந்தப் பாட்டில் இருப்பவனோ ஓட முடியாமல் நகரத்துக்குள் மாட்டிக்கொண்டு, புறாவைப்போல் சிறகிருந்தால் பறந்துபோய் வனாந்தரத்தில் தங்குவேனே என்று ஏங்குகிறான். எரேமியா 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் நெருக்கமாக ஒலிக்கும்: வனாந்தரத்தில் ஒரு தாபரம் கிடைத்தால் இந்த ஜனத்தை விட்டுப் போய்விடுவேனே என்கிறார் அவர்; வாயினால் சமாதானமும் உள்ளத்தில் பதிவிடையும் (பதுங்கியிருந்து பிடிக்கும் சதியும்) வைத்திருக்கும் அயலானைப் பற்றியும் அங்கேயே பேசுகிறார். தலைப்பில் சம்பவம் இல்லாததால்தான் இந்தச் சங்கீதத்துக்குள் யாரும் நுழைய முடிகிறது என்பது என் எண்ணம்.

நகரம் என்றேனே, 9 முதல் 11 வரை அதுதான். மதில்மேல் இரவும் பகலும் சுற்றித்திரிவது காவலாளி அல்ல, கொடுமையும் சண்டையும். வீதியை விட்டுக் கபடு விலகுவதில்லை. கொழும்பில் 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட தலைமுறைக்கு இந்த மூன்று வசனத்துக்கும் உரை தேவையில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அயலவரே வீட்டைக் காட்டிக்கொடுத்ததும் உண்டு, அயலவரே அறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் உண்டு. சங்கீதம் நகரத்தையும் நண்பனையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது தற்செயல் இல்லை. ஊரே நம்பிக்கை கெட்டுக் கிடக்கும்போது மனிதன் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஆளும் போனால்?

இப்போது 13ஆம் வசனம். என்னைக் கேட்டால் இந்தப் பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இது தேவனிடம் செய்யும் ஜெபம். "தேவனே, என் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று தொடங்கியது. துரோகியை "அவன்" என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறான், அதுவும் "அவன் சத்துரு அல்ல, அவன் பகைஞன் அல்ல" என்று சுற்றிச் சுற்றி. திடீரென்று: "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்." ஜெபத்தை நடுவில் விட்டுவிட்டு நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டான். அடுத்தது "நாம்" என்று தொடங்குகிறது: "நாம் ஒருமித்து, இன்பமான ஆலோசனைபண்ணி, கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்." முழங்காலில் நிற்கும்போது கண்ணுக்கு முன்னால் வருவது யார் என்று உங்களுக்கே தெரியும். ஜெபம் கலைந்துவிட்டது என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். வேதத்தில் இருக்கிற ஜெபமே இங்கே கலைந்திருக்கிறது.

யூதரின் பழைய பிர்க்கே அவோத் தொகுப்பில் (6:3) இந்த வசனத்தை வைத்து ஒரு அழகான பாடம் இருக்கிறது. தாவீது அகித்தோப்பேலிடம் கற்றது இரண்டே இரண்டு விஷயம். அதற்காகவே அவனைக் குரு, வழிகாட்டி, தோழன் என்று அழைத்தான். அப்படியானால் பிறரிடம் ஒரு எழுத்துக் கற்றவனும் அவரைக் கனம்பண்ண வேண்டாமா என்று கேட்கிறார்கள். துரோகத்தின் உச்சத்தில் வரும் வசனத்தை எடுத்து மரியாதைக்கு ஆதாரமாக்கியிருக்கிறார்கள். பிந்திய துரோகம் முந்திய நட்பைப் பொய்யாக்கிவிடாது. அவனோடு பாடிய வருடங்கள் எல்லாம் நடிப்பா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சங்கீதம் அப்படிச் சொல்லவில்லை. "இன்பமான" என்ற சொல்லை அது அழிக்கவில்லை.

நம் திருவள்ளுவரும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். கூடா நட்பு அதிகாரத்தில் 828ஆம் குறள்: "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார் அழுதகண் ணீரும் அனைத்து." கும்பிட்ட கைக்குள்ளேயே ஆயுதம், அழுத கண்ணீரும் அப்படியே. உருவின பட்டயத்தை எண்ணெய்ப் பேச்சுக்குள் வைத்த சங்கீதக்காரனுக்குப் பக்கத்து வீடு. ஆனால் வள்ளுவர் எச்சரிக்கிறார், முன்கூட்டியே பார்த்து நட என்கிறார். சங்கீதத்தில் அறிவுரையே இல்லை. அடிபட்ட பிறகு எழுதியது அது. பிணை நிற்காதே என்று சொல்ல வேதத்தில் நீதிமொழிகள் 17:18 இருக்கிறது, உங்களுக்கு இப்போது அதை யாராவது காட்ட வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சாபத்துக்கு வருவோம். "மரணம் அவர்களைத் தொடர்ந்து பிடிப்பதாக, அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்குவார்களாக." இது எண்ணாகமம் 16இல் மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் கூட்டத்தைப் பூமி வாய்திறந்து விழுங்கிய கதை. 9ஆம் வசனத்தில் அவர்கள் பாஷையைப் பிரித்துவிடும் என்று கேட்டது பாபேல் கோபுரத்தின் கதை. கோபத்தில் கூட இவன் சொந்தமாக ஒரு தண்டனையைக் கற்பனை செய்யவில்லை, தேவன் முன்பு செய்ததை மறுபடி செய்யும் என்று மனு கொடுக்கிறான். இன்னொன்று: நண்பனைப் பற்றிய 12, 13இல் ஒருமை. சாபம் வரும் 15இல் பன்மை, "அவர்கள்". 20இல் மறுபடி ஒருமை. நண்பனின் பெயரைச் சொல்லிச் சபிக்க வாய் வரவில்லை போலிருக்கிறது. இதை ஒரு பெரிய உபதேசமாக்க நான் விரும்பவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

ஜெபிக்கலாமா என்றால், சபைகளுக்குள்ளேயே ஒரே பதில் கிடையாது. கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் நாள்தோறும் வேளைக்கு வேளை சொல்லும் செபநூலை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை முழுதாக விட்டார்கள். வேறு சிலவற்றில் சாப வரிகளை மட்டும் எடுத்தார்கள், 55இல் இந்த வரியும் போனது. அங்கிலிக்கன் திருச்சபையின் பழைய பொது ஜெபப் புத்தகமோ சங்கீதங்களை முப்பது நாளுக்குப் பிரித்து, 55ஐ 10ஆம் நாள் மாலையில் ஒரு வரி விடாமல் சொல்ல வைத்தது. நான் பழைய ஏற்பாடு படிப்பிக்கும் கொட்டாஞ்சேனை வகுப்பில் இரண்டு பக்கத்தாரும் இருக்கிறார்கள், இந்த வசனம் வந்தால் அன்றைக்குப் பாடம் முடியாது.

என் பக்கத்தைச் சொல்கிறேன். விடாமல் ஜெபியுங்கள். இந்த வசனத்தைத் தேவனிடம் சொல்கிறவன் அதை நண்பனின் வீட்டு வாசலில் போய்ச் சொல்லவில்லை, முகநூலில் போடவில்லை. "பழிவாங்குதல் எனக்குரியது" என்று ரோமர் 12:19 சொல்வதற்கு இது எதிரல்ல. பழியை அவருடைய மேசையில் கொண்டுபோய் வைப்பதே அதுதான். மனதுக்குள் சாபத்தை வைத்துக்கொண்டு உதட்டால் ஆசீர்வாதம் சொன்னால் 21ஆம் வசனத்தின் ஆளாக நாமே ஆகிவிடுவோம். இயேசு மன்னிக்கச் சொன்னார், அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்தச் சங்கீதம் மன்னிப்பு வரைக்கும் போகவில்லை, போனதுபோல் நடிக்கவும் இல்லை. அங்கே போய்ச்சேரும் முன் நிற்க ஒரு இடம் தருகிறது.

அந்த இடம் அமைதியான இடமும் அல்ல. 17இல் அந்திசந்தி மத்தியானம் என்று மூன்று வேளையும் முறையிடுகிறான். 18இல் என் ஆத்துமாவைச் சமாதானத்துடன் மீட்டுவிட்டார் என்று சொல்லியும் விடுகிறான். நமது சாட்சிக் கூட்டம் என்றால் இதோடு முடித்துக் கைதட்டியிருப்போம். இவன் முடிக்கவில்லை. 20இல் மறுபடி அவன் வந்துவிடுகிறான்: தன்னோடு சமாதானமாயிருந்தவர்கள்மேல் கை நீட்டினான், உடன்படிக்கையை மீறினான். மீட்பைச் சொன்ன பிறகும் காயம் திரும்பி வருகிறது. போன வாரம் சரியாகிவிட்டது, இந்த வாரம் கடிதம் வந்ததும் மறுபடி நித்திரை போய்விட்டது, என் விசுவாசத்தில்தான் பிழையா என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. 18க்கும் 20க்கும் நடுவில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

22 என்ன தருகிறது என்றும் சரியாகப் பார்க்க வேண்டும். பாரத்தை எடுத்துவிடுவார் என்று அது சொல்லவில்லை. உன்னை ஆதரிப்பார், தள்ளாடவிடமாட்டார் என்கிறது. தவணை நிற்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. கடைசி வரி "நானோ உம்மை நம்பியிருக்கிறேன்". அதற்கு முந்திய சொற்கள் வரை இரத்தப்பிரியர், சூதுள்ள மனுஷர், பாதி ஆயுள் என்று கோபம் கொதிக்கிறது. நம்பிக்கை ஒரு முறை வைத்துச் சுட்டுக்கொண்டவன், நம்புவதையே விட்டுவிடாமல் அதை எங்கே வைப்பது என்று மாற்றியிருக்கிறான். விசுவாசம் என்று இந்தப் பாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இயேசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யோவான் 13:18இல் அவர் யூதாசைக் குறித்து எடுத்துச் சொல்வது 55 அல்ல, 41:9. அங்கே "என் பிராணசிநேகிதனும், நான் நம்பினவனும், என் அப்பம் புசித்தவனுமாகிய மனுஷனும்" என்று இருக்கிறது. இயேசு அப்பத்தை மட்டும் சொல்லிவிட்டு, நான் நம்பினவன் என்பதை விட்டுவிடுகிறார். யூதாஸ் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மத்தேயு 26:50இல் அவனைச் "சிநேகிதனே" என்றுதான் கூப்பிடுகிறார். கால்களையும் கழுவினார். ஆனால் பணப்பையை வைத்திருந்த அவன் திருடன் என்பது யோவானின் சுவிசேஷத்தில் (12:6) மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது.

அதனால் கணக்கைக் கேளுங்கள். விசுவாசி விசுவாசிமேல் வழக்குப் போடலாமா என்று 1 கொரிந்தியர் 6ஐ உங்களுக்குக் காட்டுவார்கள். அதே அதிகாரம் 5ஆம் வசனத்தில் சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி உங்களில் ஒருவன்கூட இல்லையா என்று பவுல் சபையைத்தான் கேட்கிறார். முதலில் போதகரிடமும் சபைப் பெரியவர்கள் இருவரிடமும் கடிதங்களோடு போங்கள். அது சரிவராவிட்டால், இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை (திருச்சபை அல்ல, பிணக்கைப் பேசித் தீர்க்கும் அமைப்பு) இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். பிணையாளி கட்டிய காசைக் கடன்காரனிடம் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, ஆகவே கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவன் அனுப்பிய வசனத்தையும் அழிக்காதீர்கள். அது நீங்கள் கடனைக் கேட்ட திகதிக்குச் சாட்சி.

பாடகர் குழு? மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வேறு வேறு. சங்கீதக்காரன் அந்த நண்பனோடு மறுபடி ஆலயத்துக்குப் போனதாக ஒரு வரியும் இல்லை. ஆலயத்தை விட்டதாகவும் இல்லை. நீங்கள் சபையை விடவேண்டாம், குற்றம் செய்தவர் நீங்கள் அல்ல. அவனுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்குமுன் குழுத் தலைவரிடம் தனியாகக் கதைத்து, இந்த முறை என்னை வேறு வரிசையில் விடுங்கள் என்று கேளுங்கள். காரணம் கேட்டால், விஷயம் போதகரிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.